கணவாய்

ராமநாதபுரத்தில் ஒரு மாடியறை.
கீழே பேக்கரியில் தேங்காய் பன் வேகும் வாசம்
ஏசி வழியாகவும் ஏறி வந்தது.
நாற்பத்தோரு வயதில் எனக்கு ஏடிஹெச்டி இருக்குமா என்று
பார்த்துச் சொல்லப் போகிறவள் பெயர் சங்கமித்ரா.
ஸ்டாப்வாட்சை என் கண்ணில் படாமல் மடியில் வைத்துக்கொண்டு
எண்களைச் சொன்னாள்.
தலைகீழாத் திருப்பிச் சொல்லுங்க்கா.

ஏழு. இரண்டு. ஒன்பது. நான்கு. ஒன்று. ஆறு.

நான் ஞாபகம் வைக்கவே இல்லை.
ஓர் ஏற்றுமதி அட்டைப்பெட்டியை மனதில் நிறுத்தி
அதன் விலாவில் ஸ்டென்சில் வைத்து மை தட்டி
வலப்பக்கமிருந்து வாசித்தேன்.
பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருடம்.
பெட்டி எண் கனவிலும் தெரியும்.
"சூப்பருங்க்கா" என்றாள்.
காப்பியடித்து மாட்டாதவள் போல இருந்தது எனக்கு.

பிறகு இருபது நிமிடம் ஒரு திரை.
எழுத்து வந்தால் தட்டணும், எக்ஸ் வந்தால் சும்மா இருக்கணும்.
பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால்
சும்மா இருக்க எனக்கும் தெரியும்.
ஒரு எக்ஸுக்கும் அடுத்த எக்ஸுக்கும் நடுவே
எத்தனை எழுத்து என்று ஒரு கணக்கு கட்டி விளையாடினேன்.
சலிக்கவே இல்லை.
அதுதான் வினை.

வீட்டில் கரண்ட் பில்லுக்குப் பணம் உண்டு,
போனில் ஆப் உண்டு, கடைசித் தேதியும் தெரியும்.
மூன்று முறை பீஸ் கட்டையைப் பிடுங்கிப் போனார்கள்.
மூன்றாம் முறை லைன்மேன்
"ஏனுங், ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்றார்.
ஆமாங்க என்றேன்.
போயிருக்கத்தான் வேண்டும், எங்கேயோ.

பல்லடத்துப் பள்ளிக்கூடத்தில்
கெட்டிக்காரி, அக்கறை போதாது என்று எழுதித் தந்தார்கள்.
முந்தின ராத்திரி முழுப் புத்தகத்தையும் விழுங்கி
முதல் மார்க் வாங்குகிறவளுக்கு
என்ன நோவு என்று யார் பார்ப்பார்கள்?
நான் விட்ட ஓட்டையெல்லாம்
என் அறிவு ஓடி ஓடிக் கடன் வாங்கி அடைத்தது.
வட்டி கட்டியது தூக்கம்.

ரிப்போர்ட் வந்தது.
சொல்லறிவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேலே.
வேகத்தில் நாற்பத்தெட்டு பேருக்கு மேலே. சராசரி.
குறைபாடு ஏதும் தென்படவில்லை.

யாரோடு வைத்துப் பார்த்தால் சராசரி?
"உங்க வயசுக்காரங்களோடங்க்கா."
என்னோடு?

அவள் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள்.
ஆனிக் காற்றில் சன்னல் சட்டம் கடகடத்தது.
இது எங்கிருந்து வருது சொல்லுங்க என்றேன்.
"பாலக்காட்டுப் பக்கமிருந்து."
இந்தாண்டை நீலகிரி, அந்தாண்டை ஆனைமலை.
எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால்
நல்ல உசரம்தான் வரும்.
மலையில் குறை ஏதுமில்லை என்று எழுதிவிடலாம்.
வாளையாற்றில் நிற்கிறவரைக் கேளுங்க,
தோளில் துண்டு தங்காது.
காற்று சராசரி பார்த்துக்கொண்டா வருகிறது?
சந்து பார்த்து வருகிறது.
இருபுறமும் மலை எத்தனை உசரமோ
அத்தனை வெசையாக.

அதிகம் பேசிவிட்டேன்.
பேச்சு எனக்கு வரும்,
தொண்ணூற்றொன்பது பேருக்கு மேலாக வரும்.
அதனால்தான் யாரும் நம்புவதில்லை.

சங்கமித்ரா அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே
பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள்.
தாளின் பாதி நீளத்துக்குப் போனது.
வீட்டில் உங்களைப் பார்க்கிறவங்க யாராவது கூட வரட்டும்,
புதன்கிழமை பதினொரு மணி என்று எழுதிக் கொடுத்தாள்.
மூன்று அலாரம் வைத்தேன்.

மயில்சாமி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார்.
மாடிக்கதவு பூட்டியிருந்தது.
"மேடம் வியாழக்கிழமை வரமாட்டாங்களே" என்றார் பேக்கரிக்காரர்.
மயில்சாமி ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு தேங்காய் பன் வாங்கினார்.

நான் பூட்டைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன்.
இதையும் ரிப்போர்ட்டில் சேர்த்துக்குங்க.